கடைசி அட்டைக்கு எதிரே

சேற்றுவாயனைப் பல வருடம் கழித்து நான் மறுபடி பார்த்தது ஒரு கண்ணாடி அலமாரிக்குள். பச்சை உடம்பு, வாய் நிறையச் சேறு, பலம் பதினான்கு. கட்டைவிரல் கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவனை வைத்துச் சீல் போட்டு, மேலே பத்துக்கு எட்டு என்று மார்க் வேறு கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்கை இந்தச் சேறு தின்னி வாங்கியிருந்தான்.

"தொட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

கடைக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார். அலமாரியைத் திறந்து, பிறந்த குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தாராளமா தொடுங்க மேடம். உறையைத் தொடலாம்."

"உள்ள இருக்கற கார்டை?"

"அதை யாரும் தொடக் கூடாது. தொட்டா மார்க் போயிடும்."

"அப்புறம் எப்படி ஆடறது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன்; கால்சட்டையில் சிமெண்ட், நகத்துக்குள் வெள்ளைப் பூச்சு. "ஆடறதா?" என்றார். பிறகு விலையைச் சொன்னார். ஒரு முழுக் குளியலறைக்குத் தரையும் சுவரும் ஒட்டினால் எனக்குக் கிடைக்கும் கூலி அது. வாங்கினேன். வயிறு எரிந்தது, ஆனாலும் வாங்கினேன்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவள். என் அண்ணன் முடி வெட்டுகிறவன். அவன் சலூனின் தரையைப் போட்டதும் நான்தான். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், பூதப்படை. சூயிங்கம் பொட்டலத்துக்குள் ஒரு அட்டை இருக்கும். கம்மை வாயில் போட்டால் ரப்பரைக் கடித்த மாதிரி இருக்கும். துப்பிவிட்டு அட்டையை எடுத்துக்கொள்வோம். இடிமுழக்கி, ஆறு கை அக்கா, தூங்குமூஞ்சி நாகம் என்று மொத்தம் அறுபது பூதங்கள். அதில் ஊமை ராஜா கிடைத்தவன் அந்தத் தெருவுக்கே ராஜா.

அந்த அட்டைகள் அடுக்கிவைத்து அழகு பார்ப்பதற்கு அல்ல, சுவரில் அடிப்பதற்கு. கோட்டில் நின்று, அட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி எறிய வேண்டும். யாருடையது சுவருக்குப் பக்கத்தில் விழுகிறதோ அவருக்கே இரண்டும். விழாமல் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. என்னுடையவை போய்ப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எனக்குச் சுவரொட்டி என்று பெயர் வைத்தான் அண்ணன். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

எங்களுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, தோற்ற அட்டை திரும்பக் கிடைக்காது, அழுதாலும் கிடைக்காது. இன்னொன்று, ஒருவர் கையில் ஒரே ஒரு அட்டைதான் மிச்சம் என்றால், அந்தக் கடைசி அட்டைக்கு எதிரே அவர் எதைக் கேட்டாலும் மற்றவர் வைத்தே ஆக வேண்டும். இவை தவிர எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. விட்டுக் கொடுக்கக் கூடாது. எனக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட அவன் என்னிடம் ஆறு கை அக்காவை அடித்துப் பிடுங்கினான், பாவி.

அந்த அறுபதும் அண்ணன் வீட்டு மாடியறையில் ஒரு பெட்டியில் இருந்தன. சென்ற மழைக்காலத்தில் மாடிக் குழாய் வெடித்தது. அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரப் படியில் இறங்கினான். வழுக்கினான். வலது மணிக்கட்டு உடைந்தது, பெட்டி தண்ணீரில் கவிழ்ந்தது. பூதப்படை மொத்தமும் கஞ்சியாகிவிட்டது.

மாவுக்கட்டு பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. "அசைச்சாதான் கை வரும். அசைக்கலைன்னா இப்படியேதான் இருக்கும்" என்று டாக்டர் சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அண்ணன் அதைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டான். கத்தரிக்கோலை ஒரு தரம் எடுத்துப் பார்த்தான், கை நடுங்கியது, வைத்துவிட்டான். வேலைக்கு வேறு ஆள் வைத்து, தான் கல்லாவில் உட்கார்ந்தான். சலூனில் பேச்சுச் சத்தமே இல்லை. முடி வெட்டுகிறவன் ஊமையானால் வாடிக்கையாளர் ஏன் வருவார்?

அதைவிட மோசம், வீட்டில் எல்லாரும் அவனுக்கு விட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சீட்டு விளையாடினால் அண்ணி நல்ல சீட்டைக் கீழே போடுவாள். அவன் கண்ணுக்குத் தெரியாதா? ஒரு நாள் சீட்டுக்கட்டைத் தூக்கி எறிந்தான். "என்னைப் பாத்து யாரும் பாவப்பட வேண்டாம். எனக்கு எந்த ஆட்டமும் வேண்டாம்" என்றான். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் உட்காரவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது. அவன் கத்தரியை விட்டது விட்டதுதான் என்று ஆகிவிடுமோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மணிக்கட்டைச் சுண்டப் பழகியது கத்தரியில் அல்ல, பூதப்படையில். பூதப்படை மறுபடி வந்தால் மணிக்கட்டும் வரும். எனக்கு அதில் துளி சந்தேகம் இல்லை. அறுபது அட்டைதானே, என்ன பிரமாதம் என்று கிளம்பினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். நான் பூதத்துக்காகக் கிணறு வெட்டப் போய் அகப்பட்டது என்னென்னவோ.

ஆன்லைனில் தேடினால் விலை ஆனை விலை, குதிரை விலை. ஏலம் முடிகிற கணத்தில் எவனோ வந்து என்னை ஒரு படி தாண்டிக் கொத்திக்கொண்டு போவான். ஆள்கூட இல்லையாம், கணினியே கேட்குமாம். "முழு செட்" என்று ஒருவர் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தால் எல்லாம் போன மாதம் அடித்த போலி. பழைய அட்டையின் முதுகு டைல்ஸின் அடிப்பக்கம்போல் சொரசொரவென்று இருக்கும். இது வழவழவென்று வழுக்கியது. இன்னொருவர் பிரிக்காத பொட்டலத்தை விற்றார். உள்ளே எந்தப் பூதம் என்று அவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. பிரித்தால் விலை போய்விடும் என்பதால் யாரும் பிரிக்கவும் மாட்டார்கள். அந்தக் கல்லாய்ப் போன சூயிங்கம்முக்கு அத்தனை காவல். சேகரிப்பவர்கள் குழு ஒன்றில் சேர்ந்து, "இடிமுழக்கி ரெண்டு வச்சிருக்கறவங்க யாராவது ஒண்ணை மாத்திக்கறீங்களா?" என்று கேட்டேன். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருவர், "மாத்தறதுன்னா என்ன விலைக்கு?" என்று கேட்டார். இவர்களிடம் என்ன பேசுவது?

அப்படி அலைந்த பிறகுதான் அந்தக் கையுறைக் கடைக்காரரிடம் சேற்றுவாயனை வாங்கினேன். சலூனுக்குக் கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தேன். அவன் இடது கையால் எடுத்து, மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான்.

"நல்லா இருக்கு" என்று கல்லாவின் மேல் வைத்தான்.

"எடுத்து அடி."

"எதை அடிக்கறது? இந்த செங்கல்லையா?"

வாஸ்தவம்தான். அட்டையை வெளியே எடுக்க வேண்டும். சீலைப் பிரிக்க ஏதோ பக்குவம் இருக்கிறதாம், மூலையிலிருந்து மெதுவாக நெம்ப வேண்டுமாம். நான் பளிங்கை வெட்டுகிறவள், எனக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி பொருட்டா? என் டைல்ஸ் கட்டரை எடுத்து ஓட்டினேன். உறை அழகாகப் பிளந்தது. கூடவே சேற்றுவாயனின் கீழ் ஓரமும் நூல் பிடித்தாற்போல் அறுந்து விழுந்தது. பாதம் இரண்டும் காணோம்.

ஒரு குளியலறைக் கூலி.

அண்ணன் சிரித்தான். மாதக் கணக்கில் கேட்காத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எட்டு மார்க்கை எத்தனையா ஆக்கியிருக்க, சுவரொட்டி? கொண்டா இங்க" என்று கையை நீட்டி வாங்கினான். வலது கையை. சிரிப்பில் அவனுக்கே தெரியவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பின்சுவரைப் பார்த்துச் சுண்டினான். அட்டை அவன் செருப்புக்குப் பக்கத்திலேயே விழுந்தது. முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மணிக்கட்டு திரும்பியதை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாளே கையுறைக் கடைக்குப் போனேன்.

"மார்க்கே வாங்காத கார்டு இருக்கா?"

"புரியலை மேடம்."

"மடங்கினது, கிழிஞ்சது, நாய் கடிச்சது. எல்லாம் பூதப்படையா இருக்கணும்."

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தார். மொத்தமாக வாங்கும்போது தலையில் கட்டப்படும் கழிசடைகளாம். விற்கக் கேவலம், தூக்கிப் போட மனசில்லை. உள்ளே இடிமுழக்கிக்கு யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள். நாகத்தின் வாலில் பல் தடம். தொட்டுப் பார்த்தேன், பழந்துணிபோல் மெத்தென்று இருந்தன. சுவரில் அடிக்க இதைவிட என்ன வேண்டும்? விறைத்த புது அட்டை சுவரில் பட்டுத் துள்ளித் திரும்பி வரும். நைந்த அட்டைதான் பட்ட இடத்தில் அடங்கி விழும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

பணம் வேண்டாம் என்றார். எனக்கு ஓசியும் பிடிக்காது. அவர் கடை வாசற்படியில் இரண்டு டைல்ஸ் மிதித்தால் டக் டக்கென்று ஆடிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலத்துக்குள் பெயர்த்து, மட்டம் பார்த்து, ஒட்டிக் கொடுத்தேன்.

"இதெல்லாம் எதுக்குங்க்கா?" என்றார். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

"ஆடறதுக்குத்தான். நீங்க ஆடினதில்லையா?"

"எங்க அப்பா ஆல்பத்துலகூட ஒட்டவிடாம உறை போட்டுக் குடுப்பாரு. பாத்துட்டு வச்சிடணும்."

"ஐயோ பாவம். திங்கக்கிழமை சலூன் லீவு. வாங்க" என்றேன்.

அந்தப் பெட்டியைக் காட்டி மற்றவர்களிடமும் கழிசடை கேட்க ஆரம்பித்தேன். நல்ல அட்டைக்கு முகம் கொடுக்காதவர்கள் கெட்ட அட்டைக்குச் சந்தோஷமாகக் கதவு திறந்தார்கள். ஒருவரின் சமையலறை ஓரம், இன்னொருவரின் கொல்லைப் படி என்று ஒட்டிக் கொடுத்து வாங்கினேன். ஊமை ராஜாவைத் தவிர எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். கிழிந்த ராஜாகூட இருப்பதாக எவரும் சொல்லவில்லை.

சேர்த்து முடித்த பிறகு வந்த திங்கட்கிழமை மத்தியானம் சலூன் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு அட்டைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தோம். சேற்றுவாயன் அண்ணன் பங்கில் வந்தான்.

"எதுக்குப் பிரிக்கற? எல்லாம் எனக்குத்தானே சேத்த?" என்றான்.

"சும்மா குடுத்தா அதுக்குப் பேரு வேற. வேணும்னா அடிச்சு எடுத்துக்க."

அவன் கண்ணில் பழைய கோபம் வந்தது. எனக்கு அது போதும்.

அன்று அவனைத் துவைத்து எடுத்தேன். அடுத்த திங்களும், அதற்கடுத்த திங்களும் அதே கதை. அவன் அட்டை முதலில் சுவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. பிறகு ஒரு சாண். பிறகு நாலு விரல். ஆனால் என்னுடையது ஒட்டிக்கொண்டல்லவா கிடக்கிறது? அவன் அட்டைக்கட்டு குறைந்துகொண்டே போனது, என் பை கனத்துக்கொண்டே வந்தது. வழவழப்பான தரையில் தட்டையாகக் கிடக்கும் அட்டையை எடுக்க அவன் விரல் மடங்காது. அண்ணிதான் குனிந்து எடுத்துக் கொடுப்பாள். வாரம் முழுக்க அவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெறுங்கையைச் சுண்டிக்கொண்டிருக்கிறான் என்றும் அவள்தான் சொன்னாள். நாயிடமிருந்து பந்தையும் திரும்ப வாங்கிவிட்டானாம்.

கையுறைக்காரரும் வர ஆரம்பித்தார். முதலில் கையுறையோடு நின்று வேடிக்கை பார்த்தார். அப்புறம் ஒரு திங்களன்று கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தார். கறுப்பு அங்கி, மூடிய வாய். ஊமை ராஜா. அவர் சின்ன வயதில் கிடைத்தது, இதுவரை மார்க்குக்குக்கூட அனுப்பாதது.

"தோத்தா திரும்பக் கிடைக்காது, சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா. ஒரு தடவையாவது அடிச்சுப் பாக்கணும்."

அடித்தார். ராஜா சுவரில் மோதிப் பாதி அறை திரும்பி வந்தார். நான் ஆறு கை அக்காவை வைத்து ராஜாவை அடித்து எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் முகம் வெளுத்தது. பிறகு தானாகச் சிரித்தார். "கை என்னமா நடுங்குச்சு" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் அண்ணன் கையில் நாலே அட்டைதான் மிச்சம். அண்ணி என்னைத் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் பின்னறைக்கு இழுத்துப் போனாள்.

"இன்னிக்கு எல்லாத்தையும் தோத்தார்னா விட்டுடுவார். எனக்கு அவரைத் தெரியும். மறுபடி கல்லாவுல போய் உக்காந்துக்குவார். ஒரு ஆட்டம் விட்டுக்குடு. உன் கால்ல விழறேன்."

"அண்ணி, நான் விட்டுக்குடுத்தா அது அவனுக்குத் தெரிஞ்சுடும். அன்னிக்குத்தான் நிஜமா விடுவான்."

"உனக்கு நெஞ்சே கல்லு."

"கல்லு ஒட்டறவதானே" என்று வந்துவிட்டேன். அவள் சொன்னது நடந்துவிட்டால்? இவ்வளவு தூரம் ஏற்றி வந்து நானே கீழே தள்ளினவளாவேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விட்டுக் கொடுக்க எனக்குத் தெரியாது. கற்றுக் கொடுக்காதவனே அவன்தான்.

மூன்று அட்டைகளை வரிசையாக அடித்து எடுத்தேன். மிஞ்சியது பாதமில்லாத சேற்றுவாயன் ஒருவன். மற்ற பூதங்கள் அத்தனையும் என் பையில், ஊமை ராஜா உட்பட. இந்த ஒன்றை அடித்துவிட்டால் பூதப்படை முழுசாக என்னுடையது. இன்றைய தேதிக்கு அதை இப்படிக் கையால் ஆடிச் சேர்த்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. சொன்னால் வெட்கம், எனக்கு ஆசை கிளம்பிவிட்டது.

அண்ணன் சேற்றுவாயனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "கடைசி கார்டு" என்றான்.

"கேளு."

"ராஜாவை வை."

கையுறைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் கோட்டில் நின்று, மூச்சை விட்டு, சுண்டினேன். நான் அடித்ததிலேயே அதுதான் நல்ல அடி. ராஜா சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரை முத்தமிட்டுப் படுத்தார். நடுவில் நகம் நுழையாது. படுத்த அட்டையில் அதற்கு மேல் அடிக்க ஆள் கிடையாது.

அண்ணன் அவசரப்படவில்லை. தோளைத் தளர்த்திக்கொண்டான். நாற்காலியில் ஆளை உட்கார வைத்துத் துண்டைப் போர்த்திய பிறகு, முதல் வெட்டுக்கு முன்னால் ஒரு கணம் நிற்பானே, அதே நிற்பு. மணிக்கட்டு ஒரே சுண்டு. சேற்றுவாயன் தாழப் பறந்து, சுவரில் பட்டு, இறங்கி, நின்றான். சாய்ந்து நின்றான். நான் வெட்டிய ஓரம் தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள், நன்றி சொல்கிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உதறிவிட்டுச் சுவருக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தான்.

அண்ணன் என்னையே பார்த்தான். "நெஜத்தைச் சொல்லு. விட்டுக்குடுத்தியா?"

"உனக்கா? நானா? என் ராஜாவையா?" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "காலை வெட்டினதால நின்னான். இல்லைன்னா விழுந்திருப்பான். தரையும் அந்தப் பக்கம் சரிவா இருக்கு." கருவிப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். மண்டியிட்டு அதன் குமிழியைப் பார்த்தேன். குமிழி கோடுகளுக்கு நட்டநடுவில் ஆடாமல் நின்றது.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றான் அண்ணன். "மேடையைப் போட்டதே நீதானேடி."

கையுறைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. தோற்ற ஆத்திரம் பாதி. மீதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தான், நான் கெட்ட வார்த்தையில் முணுமுணுத்ததைக் கேட்டான், அவன் முகம் தெளிந்தது. நம்பிவிட்டான்.

அட்டைகளை எடுக்க அண்ணி குனிந்தாள். "நீ இரு" என்றான். தானே குந்தி உட்கார்ந்து சேற்றுவாயனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு வலது கையின் ஆட்காட்டி விரலால் ராஜாவின் ஓரத்தை நெம்பினான். வழுக்கியது. மறுபடி நெம்பினான். மூன்றாம் முறை நகம் அடியில் நுழைந்தது, கட்டைவிரல் மடங்கி வந்து பிடித்தது, ராஜா தரையைவிட்டு எழுந்தார்.

"இப்ப என்கிட்ட ரெண்டு இருக்கு. ஆடறியா, இல்லை அழறியா?" என்றான்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையில் கைவிட்டு இடிமுழக்கியை எடுத்தேன்.